தடைக்கால லீக், 2018

அறுபத்தொரு நாள்.
விசைப்படகெல்லாம் மண்டபம் கரையில்
நங்கூரத்தில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தன.
ஆண்களும் ஆடினார்கள், வேறென்ன செய்ய?

எட்டு அணி. டென்னிஸ் பந்து.
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதென்று
ஸ்கோர் எழுதக் கூப்பிட்டார்கள்.
ரசீதுப் புத்தகத்தின் முன்பக்கம்
யாருக்கு எத்தனை பார் ஐஸ்.
பின்பக்கம்
யாருக்கு எத்தனை ஓட்டம்.

அந்த மைதானத்துக்கு என்று விதிகள் உண்டு.
தெற்கே உடைமரத்தைத் தொட்டால் நான்கு.
காயப்போட்ட வலையில் சிக்கினால் இரண்டு.
வலைக்காரர் வைதாலும் இரண்டுதான்.
கடலில் விழுந்தால் ஆறு,
ஆனால் அடித்தவனே நீந்திப்போய் எடுத்து வரவேண்டும்.
கச்சான் காற்று ஏறிய நாள்களில்
தூக்கி அடிக்கத் தெரிந்தவனும்
குனிந்த தலை நிமிராமல்
ஒன்றொன்றாக ஓடினான்.

அந்தப் பருவத்தில் அதிகம் எடுத்தவர்கள் இவர்கள்:
தங்கச்சிமடம் கஸ்பார், நானூற்று எண்பத்தேழு.
பெரியபட்டினம் செகு தாவூது, நானூற்று எண்பத்தாறு.
அதில் பாதிக்குமேல் நோன்பு வைத்துக்கொண்டு.
உச்சிப்புளி கோட்டைராசு, முந்நூற்றுத் தொண்ணூறு.
நான்காவது பெயர் ஐஸ் தண்ணீரில் கரைந்துவிட்டது.
முந்நூற்றுச் சொச்சம் என்று ஞாபகம்.
இடதுகைக்காரன், சிரித்துக்கொண்டே அவுட்டாவான்.

சந்தியாகு பெயரை எங்கே எழுதுவது?
அவன் எடுத்தது நாற்பத்து நான்கு.
கஸ்பாருக்கு எதிர்முனையில் நின்று
கஸ்பார் ஓடியதையெல்லாம் அவனும் ஓடினான்.
ஒவ்வொரு ஓட்டத்தையும் இரண்டு பேர் ஓடுகிறார்கள்,
கட்டம் ஒருவனுக்குத்தான்.
படகில் என்றால்
ஐஸ் உடைக்கிற பையனுக்கும் அரைப்பங்கு உண்டு.
இதைக் கமிட்டியில் சொன்னேன்.
கலர் குடித்துக்கொண்டே சிரித்தார்கள்.

இறுதி ஆட்டம். தங்கச்சிமடத்துக்கும் பெரியபட்டினத்துக்கும்.
தாவூது அடித்து முடித்துவிட்டு
ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கிறார்.
நாக்கு ஒட்டிப்போயிருக்கும்.
நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம்.
கடைசி ஓவரில்
பந்து கஸ்பாரின் தொடையில் பட்டு
மணலில் உருண்டது. ஓடினார்கள்.
அம்பயர் தொடையைத் தட்டிக் காட்டினார்.

நான் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே
அந்த ஒன்றை
கஸ்பாரின் கட்டத்தில் எழுதினேன்.

அணியின் மொத்தம் மாறவில்லை.
வெற்றி மாறவில்லை.
கோப்பை போக வேண்டிய ஊருக்குத்தான் போனது.
காற்று தாளைப் புரட்டியது,
வெயில் கண்ணில் அடித்தது என்றெல்லாம் சொல்லலாம்.
பரிசு ஒரேயொரு மேசை விசிறி,
அதை எப்படி இரண்டாக்குவது என்றும் சொல்லலாம்.
கஸ்பார் என்னைப் பார்த்து மட்டையை உயர்த்தியதைச்
சொல்லாமல் விடலாம்.

தாவூதும் பார்த்தார்.
அவரைவிடப் பக்கத்தில் யாருமில்லை.
பந்தை எடுத்துக் கைலியில் துடைத்து
பந்துவீச்சாளனுக்குப் போட்டார்.

தடை முடிந்தது. பெருநாளும் கழிந்தது.
மூன்றாம் நாள் விடிகாலை
ஐஸ் எடுக்க வந்தார்.
பன்னிரண்டு பார் என்றார்.
எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.
கிழித்த தாளின் பின்பக்கம் வெற்றாக இருக்கிறதா என்று
எனக்குத்தான் பயம்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடைக்காலம்.
அந்த ஒன்றைப் பற்றி
அவர் ஒருநாளும் கேட்டதில்லை.
வண்டியில் ஏற்றும்போது மட்டும்
விரல் நீட்டி ஒவ்வொரு பாராக எண்ணுவார்.
பன்னிரண்டு வரும்.
மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.
அதற்குள் ஓரங்கள் உருகிச் சொட்டும்.

"சரியாத்தான் இருக்கு, அக்கா" என்பார்.